டேர்போ சாமானும் நொன் டேர்போ எஞ்சினும்: எது எதில் பூட்டலாம்?

கேட்கப்பட்டது இதுதான். வீட்டில் இரண்டு வாகனம். ஒன்று டேர்போ இல்லாத 3எல் டீசல் எஞ்சின் உள்ள ரொயோட்டா டொல்பின் வான், யாழ்ப்பாணம்–கொழும்பு ஹயர் ஓடுகிறது. மற்றது டேர்போ இல்லாத வேகன் ஆர். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த 2எல்-ரி எஞ்சின் (டேர்போ உள்ளது) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதன் டேர்போ (எக்ஸோஸ்ட் புகையால் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அடைக்கும் பொறி), டீசல் பம், ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) மூன்றையும் கழற்றி வானுக்குப் பூட்டலாமா? வேகன் ஆருக்கு, அதன் இன்னொரு வகையான ஸ்ரிங்ரேயின் டேர்போ சாமான் ஏறுமா?

பூட்ட முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும். ரொயோட்டாவின் எல் வரிசை எஞ்சின்கள் ஒரே குடும்பம். கியர்பொக்ஸ் முகமும் மவுண்டும் ஒன்றுக்கொன்று போகும். வில்லங்கமே அங்கேதான் தொடங்குகிறது. போல்ட் துளை சரியாக விழுந்ததும் எல்லாம் சரி என்று மூடிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, சாமான் எந்த எஞ்சினிலிருந்து எந்த எஞ்சினுக்குப் போகிறது என்பது. டேர்போ எஞ்சினின் பிஸ்டன், வால்வ், ஒயில் கூலர், தடித்த ரேடியேட்டர் போன்றவை நொன் டேர்போவுக்குப் போனால் எஞ்சின் கொஞ்சம் சோரலாம், மார்கழி விடியற்காலையில் ஸ்டார்ட் எடுக்க அடம்பிடிக்கலாம், ஆனால் உடையாது. நொன் டேர்போவின் பிஸ்டனும் ஹெட்டும் டேர்போவின் கீழே போனால் முதல் மாதம் அருமையாக ஓடும். பிறகு ஒருநாள் ஆட்கள் நிறைந்து, ஏசி போட்டு, ஏ9 வீதியில் மணிக்கு 90 கிமீயில் மிதித்துக்கொண்டு போகும்போது ஹெட் வெடிக்கும்.

ஏன் என்று விளங்க ஒரு சின்னக் கணக்கு. 3எல் என்பது 2779 சிசி, போரும் (சிலிண்டரின் விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஓடும் தூரம்) 96 மிமீ. ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 695 சிசி. கொம்பிரஷன், அதாவது காற்று எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது, 22.2க்கு 1 என்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சுகிற இடம் 32.8 சிசி மட்டும். 2எல்-ரி 2446 சிசி, போரும் ஸ்ட்ரோக்கும் 92 மிமீ, கொம்பிரஷன் 20க்கு 1. டேர்போ கூடுதல் காற்றை அடைக்கும் என்பதற்காகத்தான் அந்தக் கொம்பிரஷனைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். 3எல்லை 20க்குக் கொண்டுவர வேண்டுமானால் மிஞ்சும் இடம் 36.6 சிசி ஆக வேண்டும், அதாவது 3.8 சிசி கூட. ஹெட் காஸ்கட்டைத் தடிப்பாக்கி அதை எடுக்கப்போனால் அரை மிமீக்கு மேல் வேண்டும். கம்பனி காஸ்கட்டுகள் மூன்று தடிப்பில் வருவது உண்மைதான். ஆனால் அவற்றுக்கிடையே வித்தியாசம் மிமீயின் பத்திலொரு பங்கு அளவுதான். பிஸ்டன் புளொக்குக்கு மேலே எவ்வளவு எட்டிப்பார்க்கிறது என்பதை டயல் கேஜ் வைத்து அளந்து தெரிவு செய்வதற்காக அவை இருக்கின்றன. இரண்டு காஸ்கட்டை ஒன்றின்மேல் ஒன்று போடலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கராஜிலிருந்து வானை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆகவே 3எல்லுக்கு டேர்போ போடுவதென்றால் கொம்பிரஷன் 22.2இலேயே இருக்கும் என்று ஏற்றுக்கொண்டு, பூஸ்டை, அதாவது டேர்போ அடைக்கும் காற்றின் அழுத்தத்தை, குறைத்துப் பூட்ட வேண்டும். 6, 7 பிஎஸ்ஐக்கு மேலே போகக்கூடாது. அதற்கும் முன்பு நான்கு சிலிண்டரின் கொம்பிரஷன் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். நல்ல 3எல் 450 பிஎஸ்ஐ அளவில் காட்டும். 284க்குக் கீழே போனால் எஞ்சின் முடிந்தது. ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் 70க்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. 350 காட்டுகிற எஞ்சினுக்கு டேர்போ பூட்டுவது, நோயாளிக்குப் பாரம் தூக்கக் கொடுப்பது மாதிரி. ரிங் தாண்டுகிற காற்று இரட்டிப்பாகும், ஒயில் மூடியால் புகை வரும்.

இனி அந்த 2எல்-ரியில் எதை எடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டேர்போவைக் கையில் எடுத்ததும் மூக்குப் பக்கத்து நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், அது ஒயில் நிற்கிற இடைவெளி, பயமில்லை. முன்னும் பின்னும் இழுத்தால் அசைவு விரலுக்குத் தெரியவே கூடாது. இறகின் நுனியைச் சுற்றி வெளி ஓட்டில் பளபளவென்று உரசின வளையம் இருந்தால் அது குப்பை. காற்று ஊதுகிற பக்கத்தில் விரலை விட்டுத் தடவினால் மெல்லிய ஒயில் ஈரம் இருக்கலாம்; தேங்கி நின்றால் சீல் போய்விட்டது. இவ்வளவையும் கடை வாசலிலேயே பார்க்கலாம், ஐந்து நிமிடம் போதும். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்துப் பயனில்லை.

எக்ஸோஸ்ட் மனிபோல்ட் டேர்போவோடு சேர்ந்தே வரவேண்டும். 3எல்லின் மனிபோல்ட் காஸ்கட்டை அதன் முகத்தில் வைத்துப் பாருங்கள். துளை விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் கிரைண்டரால் எடுக்கலாம். முகம் வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து மட்டப்படுத்துங்கள். பழைய டேர்போ மனிபோல்ட்டில் நடுவே மயிர் வெடிப்பு இருப்பது சாதாரணம். கம்பித் தூரிகையால் கரி எடுத்த பிறகுதான் அது தெரியும்.

ஒயில் வழியில்தான் பாதிக்கு மேற்பட்ட வேலைகள் கெடுகின்றன. போகிற வழியைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள். மெல்லிய குழாய், அழுத்தத்தோடு போகும், பிழைக்காது. திரும்பி வருகிற வழியில் அழுத்தம் கிடையாது, பாரத்தால் விழுந்து வரவேண்டும். உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையாமல், தொடக்கத்திலிருந்து முடிவு வரை சரிவாக, எங்கும் யூ வளைவு இல்லாமல், ஒயில் மட்டத்துக்கு மேலே போய் இறங்க வேண்டும். 3எல் புளொக்கின் பக்கவாட்டில் அதற்கான துளை திறந்திருக்காவிட்டால் சம்பை (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியை) கழற்றி, மேல் விளிம்புக்குக் கிட்ட முனை ஒன்று வெல்ட் பண்ணிப் பூட்டுவதுதான் சுத்தமான வழி. சம்பைக் கழற்றாமல் துளைத்தால் இரும்புத் தூள் நேரே ஒயில் பம்முக்குப் போகும். சம்பின் அடியில் கொண்டுபோய் விட்டால் ஒயில் திரும்ப இடமில்லாமல் டேர்போவுக்குள்ளே நிரம்பி, சீலைத் தாண்டி இன்டேக்குக்குப் போகும். முதலில் நீலப்புகை. அதைக் கவனியாமல் விட்டால் டீசல் எஞ்சின் தன் ஒயிலையே எரிபொருளாகக் குடித்துத் தன்பாட்டில் ரேஸ் ஏறும். சாவியை நிறுத்தினாலும் நிற்காது, டீசலை மூடினாலும் நிற்காது. அப்போது ஒரே வழி காற்றை அடைப்பது: கிளீனர் குழாயைக் கழற்றி அதன் வாயைப் பலகைத் துண்டால் அழுத்தி மூட வேண்டும், கையால் ஒருபோதும் வேண்டாம். கியர் வாகனமென்றால் பிரேக்கை மிதித்து, டொப் கியர் போட்டு, கிளச்சை விட்டுத் திணறடித்தும் நிறுத்தலாம். புதிதாக டேர்போ பூட்டின எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது பக்கத்தில் ஒரு பலகை வைத்திருப்பது நல்ல பழக்கம்.

அந்த முதல் ஸ்டார்ட்டுக்கும் ஒரு முறை இருக்கிறது. ஒயில் போகிற துளையால் டேர்போவுக்குள் கொஞ்சம் ஒயில் ஊற்றி, இறகைக் கையால் சுற்றுங்கள். டீசல் பம்மில் எரிபொருளை நிறுத்துகிற சொலனொயிட்டின் வயரைக் கழற்றிவிட்டு, ஒயில் லைட் அணையும் வரை பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு வயரைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணி, சில நிமிடம் ஐடிலில் விட வேண்டும். வரண்டு சுற்றின டேர்போவின் பெயரிங் அந்த அரை நிமிடத்திலேயே தேய்ந்துவிடும்.

டீசல் பம்முக்கு வருவோம். 2எல்-ரியின் பம்மில் மேலே வட்டமான தொப்பி ஒன்று இருக்கும், இன்டேக்கிலிருந்து ஒரு ரப்பர் குழாய் அதற்கு வரும். பூஸ்ட் ஏற ஏற டீசலைக் கூட்டிக் கொடுப்பது அந்தத் தொப்பிதான். 3எல் பம்மில் அது இல்லை. இதற்காக உடனே பம்மை மாற்ற வேண்டியதில்லை. 3எல்லின் பம்மை அப்படியே வைத்து டேர்போவை மட்டும் பூட்டினால் காற்றுக் கூடும், டீசல் கூடாது. இழுவையில் பெரிய மாற்றம் தெரியாது, ஆனால் கறுப்புப் புகை குறையும், எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும். எஞ்சினுக்கு மிகப் பாதுகாப்பான நிலை இதுதான். இழுவை வேண்டுமென்று பம்மின் பின்பக்கத்து டீசல் ஸ்குரூவைத் திருகும்போதுதான் ஆபத்து தொடங்கும். எட்டிலொரு சுற்று, ஓட்டிப் பார், மறுபடி எட்டிலொரு சுற்று. அதுவும் டேர்போவுக்கு முன்னால் மனிபோல்ட்டில் வெப்பமானி பூட்டிய பிறகு. பாரத்தோடு ஏறும்போது 700 பாகை செல்சியஸைத் தொட்டால் ஸ்குரூவைத் திரும்ப எடுக்க வேண்டும். அந்த மானி இல்லாமல் திருகுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எஞ்சினில் 2எல்-ரி என்றிருக்கிறதா, 2எல்-ரிஈ என்றிருக்கிறதா என்று பாருங்கள். கடைசி ஈ வந்தால் பம் இலத்திரனியல் பம். கம்பியூட்டர், சென்சர், வயரிங் முழுவதும் இல்லாமல் ஒரு சொட்டு டீசலும் தராது. டேர்போவுக்காக அந்த எஞ்சினை வாங்கலாம், பம்முக்காக வாங்க வேண்டாம்.

இனி ஹெட். வேண்டாம் என்பதே என் பதில். 2எல்-ரி ஹெட் வெடிப்புக்குப் பெயர் போனது. இரண்டு வால்வ் சீட்டுக்கு நடுவிலும், தீ கிளம்புகிற சின்ன அறையின் விளிம்பிலும் வெடிக்கும். மலிவாக வந்த எஞ்சின் ஏன் மலிவாக வந்தது என்பதற்கே அந்த ஹெட் காரணமாக இருக்கலாம். எடுத்தே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் வழிகளை அடைத்து, ஹெட்டைச் சுடுநீரில் அமிழ்த்தி, உள்ளே காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் காட்டாத வெடிப்புச் சூட்டில் காட்டும். பழைய 2எல் (2எல்-ரியின் டேர்போ இல்லாத வடிவம்) ஹெட்டில் ரொக்கர் ஆம் உண்டு. பின்னாளைய 2எல்லிலும் 3எல்லிலும் கம்சாஃப்ட் நேரே பக்கட்டை அமர்த்தும். வால்வ் மூடியைத் திறந்து பார்த்து, ஒரே வகைதானா என்று உறுதிப்படுத்த வேண்டும். காஸ்கட்டை எப்போதும் புளொக்கின் போரைப் பார்த்தே வாங்குங்கள், ஹெட்டைப் பார்த்து அல்ல. 96 மிமீ போருக்கு 92க்கான காஸ்கட்டைப் போட்டால் அதன் உலோக வளையம் நெருப்புக்குள் நீட்டிக்கொண்டு நின்று செஞ்சூடாகி உதிரும். மறுபக்கமாக, 92 போருக்கு 96க்கான காஸ்கட்டைப் போட்டால் சுற்றிவர ஒரு பள்ளம் விழும். கொம்பிரஷன் குறையும், அதில் கரி படியும்.

பிஸ்டன் பற்றி ஒரு வரி: டேர்போ பிஸ்டனில் முதல் ரிங் உட்காரும் பள்ளத்துக்கு வேறு உலோக வளையம் வார்த்திருப்பார்கள், சில எஞ்சின்களில் பிஸ்டனின் அடிக்கு ஒயில் பீச்சும் சின்னக் குழாயும் புளொக்கில் இருக்கும். அப்படிக் குழாய் உள்ள புளொக்கில் நொன் டேர்போ பிஸ்டனைப் போட்டால், அடிப்பாவாடையில் அதற்கான வெட்டு இல்லாததால் கீழே வரும்போது குழாயில் அடிக்கும். மூடுவதற்கு முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

பெரிய வாகனக்காரருக்கும் இதே கணக்குத்தான். தொண்டு நிறுவனங்கள் விட்டுப்போன லாண்ட் குரூசர்களில் உள்ள 1எச்இசட் எஞ்சினும் டேர்போவோடு வந்த 1எச்டி-ரி எஞ்சினும் இரண்டுமே 4164 சிசி, ஒரே போர், ஒரே ஸ்ட்ரோக். ஆனால் முன்னது 22க்கு மேற்பட்ட கொம்பிரஷனில், ஹெட்டுக்குள் உள்ள சின்ன அறையில் எரிவது, பின்னது 18.6இல், நேரே பிஸ்டன் தலையில் டீசல் அடிப்பது. பிஸ்டன், ஹெட், நொசில், பம் எதுவும் தனித்தனியாக மாறிப் போகாது.

டேர்போ போன 2எல்-ரிக்காரர் பலர் செய்கிற எதிர்த்திசை வேலையும் உண்டு: டேர்போவைக் கழற்றிவிட்டு நொன் டேர்போ மனிபோல்ட் பூட்டி ஓடுவது. ஒயில் போகிற துளையையும் திரும்புகிற துளையையும் செப்பு வோஷர் வைத்த போல்ட்டால் அடைத்தால் எஞ்சினுக்கு ஆபத்து இல்லை. ஆனால் பூஸ்ட் வராததால் பம்மின் தொப்பி டீசலைக் கூட்டாது, கொம்பிரஷனும் 20தான், ஆகவே 2எல்லை விடவும் சோம்பலாக ஓடும். ஸ்குரூவைத் திருகி அதைச் சரிக்கட்டப்போனால் கறுப்புப் புகை கக்கும், வருட வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைச் சோதனையில் விழும். ஆனாலும் நின்றுபோன டேர்போவை அதே இடத்தில் விட்டு ஓடுவதை விட அதைக் கழற்றிவிட்டு ஓடுவது மேல்.

வேகன் ஆருக்கு வருவோம். ஆர்06ஏ எஞ்சின், 658 சிசி. நொன் டேர்போவில் கொம்பிரஷன் 11 அளவில், டேர்போவில் 9.1. பழைய எவ்ரி வான்களில் உள்ள கே6ஏயில் அது நொன் டேர்போவில் 10.5, டேர்போவில் 8.4. டீசலைப்போல மெதுவாகத் தவணை கொடுத்துப் பழிவாங்குகிற எஞ்சின் இதுவல்ல. 11இல் பூஸ்ட் அடைத்தால் தீப்பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேரும் முன்பே பெற்றோல் தானாக வெடிக்கும், பிஸ்டன் விளிம்பு உடையும். 95 ஒக்ரேன் அடித்தாலும் காப்பாற்றாது. யாழ்ப்பாணத்துக்கு இது புதுப் பாடமும் அல்ல. தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிஜ்களும் மொறிஸ் மைனர்களும் காபரேட்டரில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடின. ஒக்ரேன் மிகக் குறைந்த அந்த எண்ணெயில் அவை ஓடியது கொம்பிரஷன் தாழ்வாக இருந்தபடியால். இன்றைய 11 கொம்பிரஷன் எஞ்சினில் அதைச் செய்தால் பிஸ்டன்தான் மிஞ்சாது.

ஸ்ரிங்ரேயில் இருந்து எடுக்கக்கூடியவை ஸ்டார்ட்டர், ஒல்டர்னேட்டர், தண்ணீர்ப் பம், மவுண்ட் போன்ற வெளிச்சாமான்கள். அவற்றையும் பாக நம்பரை ஒப்பிட்டு எடுங்கள். கொயிலும் அப்படியே. பிளக்கை மாற்ற வேண்டாம்: டேர்போ பிளக் சூட்டை விரைவாகக் கடத்தும் வகை, நொன் டேர்போவில் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடும் குறுகிய ஓட்டத்தில் கரி பிடிக்கும். இன்ஜெக்டர் பெரிது, பழைய கம்பியூட்டரோடு பூட்டினால் ஐடிலிலேயே பெற்றோல் மணக்கும். ஆட்களை அதிகம் ஏமாற்றுவது இன்டேக் அழுத்தச் சென்சர். அதே உருவம், அதே சொக்கட், ஆனால் டேர்போவினது பூஸ்டையும் அளக்க வேண்டியிருப்பதால் அதே அழுத்தத்துக்கு வேறு வோல்ற்றேஜ் கொடுக்கும். மாற்றிப் பூட்டினால் செக் லைட் வராமலே எஞ்சின் பிழையாக ஓடும். ஹெட்டும் மாறாது: நொன் டேர்போ ஆர்06ஏயில் இரண்டு கம்சாஃப்டிலும் நேரம் மாற்றும் பொறி உண்டு, டேர்போவில் இன்டேக் பக்கம் மட்டும். டேர்போ வேகன் ஆர்தான் வேண்டுமென்றால் டேர்போ வேகன் ஆரை வாங்குவது மலிவு.

திரும்ப உங்கள் வானுக்கே வருகிறேன். குடாநாடு சமதரை. ஏ9இல் நீங்கள் ஓடும் பகுதியிலும் கொழும்பு–கண்டி வீதி போல ஏற்றம் கிடையாது. டேர்போவின் முழுப் பலன் கடுகண்ணாவையிலும் நுவரெலியா ஏற்றத்திலும்தான் தெரியும். கொழும்பு ஹயருக்கு 3எல் தாராளம். அது இழுக்கவில்லை என்றால் முதலில் நொசில் நான்கையும் கழற்றி அழுத்தம் ஒரேயளவா என்று சோதியுங்கள், பம்மின் ரைமிங்கை டயல் கேஜால் பாருங்கள், எயார் கிளீனரை மாற்றுங்கள். 2எல்-ரி எஞ்சினுக்குப் போகிற காசில் இந்த மூன்றும் முடிந்து மிச்சமும் வரும். இழுவை இன்னும் வேண்டுமென்றால் 5எல் எஞ்சினுக்குப் போங்கள்: 2986 சிசி, டேர்போ இல்லை, அதே குடும்பம். புளொக் மாறினால் எஞ்சின் நம்பரும் மாறும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தைத் திருத்தாமல் ஓடினால் விற்கும்போதும் விபத்துக் காப்புறுதி கேட்கும்போதும் மாட்டுவீர்கள். டேர்போ, மனிபோல்ட், பம் போன்றவற்றை மட்டும் மாற்றினால் நம்பர் மாறாது.

டேர்போ பூட்டத்தான் போகிறீர்கள் என்றால் ரேடியேட்டரைத் திறந்து பாருங்கள். எங்கள் கிணறு எல்லாம் சுண்ணக்கல் பாறைத் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ஹெட்டின் தண்ணீர் வழியிலும் வால்வ் சீட்டுக்குப் பின்னாலும் படிகிறது. அந்தப் படிவு உள்ள ஹெட்டில் மானி நடுவில் நின்றாலும் சீட்டு சூடேறிக்கொண்டே இருக்கும். கழற்றின ஹெட்டின் தண்ணீர்த் துளைக்குள் ஸ்குரூடிரைவரால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தால் புளொக்கையும் ரேடியேட்டரையும் கழுவி முடிக்கும் வரை டேர்போ பேச்சே வேண்டாம். பிறகு கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி. வழியில் குறைந்தால் விடுவதற்கு அதே கலவையில் ஐந்து லீற்றர் கானை வானிலேயே வைத்திருங்கள். முறிகண்டியில் நிற்கும்போது கிணற்றுத் தண்ணீர் அள்ளி விடாதீர்கள்.